ரக்பியில் ஒரு பிளிட்ஸ், சதுரங்கத்தில் இன்னொரு பிளிட்ஸ்: எது என்ன?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியவேண்டும். உங்கள் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான், இணைப்பாட நடவடிக்கைக்கு ரக்பி எடுத்திருக்கிறான், 15ஆம் எண், ஃபுல்பேக், அதாவது எல்லாருக்கும் பின்னால் நிற்கும் கடைசிக் காவல். பயிற்சியின்போது "பிளிட்ஸ்" என்று குரல் வந்ததும் மற்ற எல்லாரும் முன்னால் பாய்கிறார்கள், இவனை மட்டும் பயிற்றுவிப்பாளர் பின்னாலேயே நில் என்கிறார். சனிக்கிழமை சமூக மன்றத்துச் சதுரங்க வகுப்பில் பிளிட்ஸ் என்றால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வேகமாக ஆடுவது. வீட்டில் காற்பந்து பார்க்கும் அவன் அப்பா, அதெல்லாம் கவுண்டர் அட்டாக்தான் (பந்தைப் பறித்த உடனே திருப்பித் தாக்குவது), பெயர்தான் வேறு என்கிறார். மூன்றும் ஒன்றா, தமிழில் இதற்கு என்ன சொல், அப்புறம், மகன் மெதுவாக ஓடுகிறான் என்பதால்தான் அவனை ஒதுக்கி நிறுத்துகிறார்களா? கடைசிக் கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று புரிகிறது. அதற்கு வருகிறேன், ஆனால் இந்தச் சொல் என்னவென்று தெரிந்தால்தான் அந்தப் பதில் உங்களுக்கு நம்பும்படியாக இருக்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மூன்றும் ஒன்றில்லை. ரக்பி, அமெரிக்கக் காற்பந்து இரண்டிலும் பிளிட்ஸ் என்பது, எதிரணி தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்வதற்குள், வழக்கத்தைவிட அதிகம் பேரை ஒரே நேரத்தில் முன்னால் அனுப்பி நெருக்குவது. அதிகம் பேர் முன்னால் போனால் பின்னால் இடம் காலியாகும். அந்தக் காலி இடமும் பிளிட்ஸில் ஒரு பாதி. வேகமான தாக்குதல் என்று அகராதியில் பார்த்துச் சொல்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சொல் ஜெர்மன். பிளிட்ஸ் என்றால் மின்னல். 1939இல் போலந்துக்குள்ளும் 1940இல் பிரான்சுக்குள்ளும் ஜெர்மானியப் படை டாங்கிகளும் விமானங்களுமாகப் புகுந்த வேகத்தைப் பார்த்து ஆங்கிலப் பத்திரிகைகள் 'மின்னல் போர்', அதாவது பிளிட்ஸ்கிரீக், என்று எழுதின. 1940 செப்டம்பர் 7இல் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதம் வரை லண்டன் மீது விழுந்த குண்டுகளுக்கு அந்த ஊர் மக்கள் வெறுமனே பிளிட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்க்காரர்கள் இதற்கு ஐரோப்பா வரை போகவேண்டியதுமில்லை. 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைச் சரணடைய வைத்துவிட்டது. நடுவில் எழுபது நாள் இருந்தால் அதிகம். அந்தப் படையில் ஏராளமானவர்கள் சைக்கிளில் வந்தார்கள், பாலம் உடைந்திருந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி நடந்தார்கள் என்று பள்ளிப் பாடத்திலும் படித்திருப்பீர்கள், வீட்டுப் பெரியவர்கள் சொல்லியும் கேட்டிருப்பீர்கள். பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்பு அடுத்த தற்காப்பு வரிசையைப் போட்டு முடிப்பதற்குள் அவர்கள் வந்து நின்றார்கள். தடுப்பவன் வரிசை கட்டி முடிப்பதற்குள் வந்து நிற்பது, இதுதான் விளையாட்டுக்காரர்கள் அந்தப் போர்ச் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்ட பொருள்.

இந்தச் சொல் ஆட்டத்தின் கலைச்சொல்லாகவே ஊறிப்போனது அமெரிக்கக் காற்பந்தில்தான். நம்மில் பலர் அதைப் பார்ப்பதில்லை, ஆனால் ரக்பி பிளிட்ஸைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக்கு 11 பேர். பந்து குவார்ட்டர்பேக் கையில் வரும். அவர் பந்தை வீசுவதற்கு ஆள் தேட வேண்டும், அதற்குக் கிடைப்பது சுமார் இரண்டரை, மூன்று வினாடி. அவருக்கு முன்னால் ஐந்து பெரிய ஆட்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். எதிரணி வழக்கமாக நான்கு பேரை மட்டும் அவர்மேல் அனுப்பும், மீதி ஏழு பேர் பின்னால் நின்று பந்து வரக்கூடிய இடங்களைக் காப்பார்கள். ஐந்தைத் தாண்டி நாலு பேர் போவது கஷ்டம்தான். இப்போது ஐந்து பேரோ ஆறு பேரோ போனால்? யாராவது ஒருவர் இடுக்கில் நுழைந்துவிடுவார், மூன்று வினாடி ஒன்றரை வினாடி ஆகிவிடும். அதுதான் பிளிட்ஸ்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பந்து குவார்ட்டர்பேக் அணியிடம் இருக்கிறது. பாய்கிறவர்களிடம் பந்து இல்லை. அதாவது தற்காக்கும் அணிதான் பிளிட்ஸ் செய்கிறது! பந்து இல்லாதவன் தாக்குகிறான். உங்கள் கணவர் சொல்லும் கவுண்டர் அட்டாக் பந்தைக் கையில் வாங்கிய பிறகு நடப்பது, இது பந்தை வாங்குவதற்காக நடப்பது. ரக்பியிலும் இதே கதைதான்.

1950களில் இதற்கு அமெரிக்காவில் 'ரெட் டாக்', செந்நாய், என்று பெயர் இருந்தது, பிறகுதான் பிளிட்ஸ் நிலைத்தது. 1960களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் லேரி வில்சன் இதை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். அவர் 'சேஃப்டி', அதாவது பின்வரிசையின் கடைசிக் காவல், உங்கள் மகன் நிற்கும் இடம் மாதிரி. கடைசிக் காவலாளியே வீட்டை விட்டுக் கிளம்பி முன்வாசல் வழியாக ஓடிப்போய்க் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அந்த எதிர்பாராமைதான் அவருடைய ஆயுதம். ஆனால் அவர் பிடிக்காமல் விட்டுவிட்டால் பின்னால் ஆளே இல்லை. நல்ல குவார்ட்டர்பேக் என்ன செய்வார் தெரியுமா, பாய்ந்து வருபவன் எந்த இடத்திலிருந்து கிளம்பினான் என்று பார்த்து, அவன் விட்டுவந்த அதே இடத்துக்குப் பந்தை அனுப்பிவிடுவார். வந்தவனுக்குத் தலைக்கு மேலே பந்து பறக்கும். அதனால் பாய்கிறவர்கள் கடைசி நொடி வரை பாய்வது தெரியாமல் சும்மா நிற்பதுபோல நிற்பார்கள், சில சமயம் பாய்வதுபோல நின்றுவிட்டுப் பாயாமலும் இருப்பார்கள். 1980களில் டிக் லெபோ என்ற பயிற்றுவிப்பாளர் சின்சினாட்டி அணியில் இருந்தபோது இந்தக் காலி இடப் பிரச்சினைக்கு ஒரு அழகான வழி கண்டுபிடித்தார். பின்னாலிருந்து ஒருவரை முன்னால் அனுப்புகிறாயா, சரி, முன்வரிசையில் இருக்கும் ஒரு கனமான ஆளைப் பின்னால் இறங்கி அந்த இடத்தைக் காக்கச் சொல். இதற்கு ஸோன் பிளிட்ஸ் என்று பெயர். எதிராளிக்கு வழக்கத்துக்கு மாறான பக்கத்திலிருந்து அடி வருகிறது, பின்னாலும் முழுக்கத் திறந்து கிடக்கவில்லை. யாரோ போனால் யாரோ நிற்க வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி ரக்பி. நான் பள்ளியில் 12ஆம் எண் ஆடியவன், இப்போது வார இறுதிகளில் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளும்.

பக்கத்துக்கு 15 பேர் ஆடும் ரக்பியில் தற்காப்பு வரிசைக்குப் பொதுவாக இரண்டு வழி. ஒன்று டிரிஃப்ட். பந்து கைமாறிக் கைமாறிப் பக்கவாட்டில் போகப் போக, தடுக்கும் வரிசையும் நிதானமாகச் சரிந்து சரிந்து போய், கடைசியில் பந்து வைத்திருப்பவனை எல்லைக் கோட்டில் கொண்டுபோய் அடைத்துவிடும். எல்லைக் கோடு நமக்கு ஒரு ஆள் மாதிரி. இதில் அவசரம் இல்லை, ஆனால் எதிரணிக்குச் சில மீட்டர் இலவசமாகக் கிடைத்துவிடும். இன்னொன்று பிளிட்ஸ், சிலர் ரஷ் என்றும் சொல்வார்கள். பந்து வெளியே வந்த நொடியில் முழு வரிசையும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல நேராக முன்னால் பாயும். பெரும்பாலும் 13ஆம் எண் அரை அடி முன்னால் இருந்து வரிசையை இழுப்பார், வெளிப்பக்கத்து ஆட்கள் உள்பக்கம் பார்த்து வளைந்து வருவார்கள், பந்து பக்கவாட்டில் போகும் வழியையே மூடிவிடுவதற்காக. எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் 10ஆம் எண் பந்தைப் பிடித்து நிமிர்ந்து பார்க்கும்போது மூக்குக்கு நேரே ஆள் நிற்கும்.

படிக்க எளிதாக இருக்கிறது, ஆனால் ஒருவர் தவறினால் போச்சு. போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலையில் மழை பெய்து நின்றிருந்தது, திடல் முழுக்கச் சேறு. 13 வயதுப் பிள்ளைகள், அன்றைக்குத்தான் முதல்முறையாக பிளிட்ஸ் பழகினார்கள். ஒரு பையனுக்கு உற்சாகம் தாங்கவில்லை, மற்றவர்கள் மூன்று எட்டு வைப்பதற்குள் அவன் ஆறு எட்டு வைத்துவிட்டான். வரிசை நாயின் பின்னங்கால் மாதிரி வளைந்துவிட்டது. எதிரில் பந்து வைத்திருந்த சின்னப் பெண், அந்தக் குழுவிலேயே மிகவும் மெதுவாக ஓடுபவள், ஒன்றும் அவசரப்படாமல் அவன் வந்த தடத்துக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் நடையும் ஓட்டமுமாகப் புகுந்து நேராகப் போய்ப் பந்தைக் கோட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஓடி வந்த பையன் திரும்பிப் பார்த்து நின்றான், சேற்றில் அவன் காலடித் தடம் மட்டும் மற்றவர்களுடையதைவிட நாலு மீட்டர் முன்னால் தனியாகத் தெரிந்தது. அந்தத் தடத்தைக் காட்டித்தான் நான் மீதி ஒரு மணி நேரமும் பாடம் நடத்தினேன். பிளிட்ஸில் வேகமாக ஓடுபவனுக்கு மதிப்பில்லை, பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து ஓடுபவனுக்குத்தான் மதிப்பு.

உலக அளவில் இதற்குப் பெயர் பெற்ற ஆள் தற்காப்புப் பயிற்றுவிப்பாளர் ஷான் எட்வர்ட்ஸ். இங்கிலாந்தின் வாஸ்ப்ஸ் கழகத்தில் இதைக் கட்டி, பிறகு தலைமைப் பயிற்றுவிப்பாளர் வாரன் காட்லண்டோடு வேல்ஸ் அணிக்கு வந்தார். 2008இல் ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியில் வேல்ஸ் ஐந்து ஆட்டங்களையும் வென்றது, அந்த ஐந்திலும் சேர்த்து அவர்கள்மேல் விழுந்தது இரண்டே டிரை (பந்தைக் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் அது டிரை). 2019 உலகக் கிண்ணத்தில் தென்னாப்பிரிக்காவும் இப்படிப் பாய்ந்து தடுத்துத்தான் இறுதியாட்டத்துக்கு வந்தது. யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32க்கு 12 என்று வென்றார்கள், இங்கிலாந்து ஒரு டிரைகூட வைக்கவில்லை, அந்த 12 புள்ளியும் பெனல்டி உதையில் வந்தது.

சரி, பிளிட்ஸை எப்படி உடைப்பது? முன்னால் பாய்கிறவர்களின் தலைக்கு மேலே சின்னதாக ஒரு உதை, அவர்கள் திரும்புவதற்குள் பந்து பின்னால் இருக்கும். இல்லையென்றால் தரையோடு உருட்டி ஒரு உதை. அல்லது 10ஆம் எண்ணிலிருந்து திடலின் அந்தக் கோடிக்கு நீளமாக ஒரு உதை, அங்கே வெளிப்பக்கத்து ஆள் காத்திருப்பார். அதே 2019 இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் முதல் டிரையைத் தேடிப் பாருங்கள். மாபிம்பி இடப்பக்கத்தில் ஓடிவந்து இங்கிலாந்து வரிசைக்கு மேலே பந்தைச் சின்னதாக உதைத்தார், லுகன்யோ ஆம் என்ற சக ஆட்டக்காரர் துரத்திப்போய் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார், முடிந்தது. வரிசைக்குப் பின்னால் கிடந்த அந்தக் காலி இடத்தில்தான் எல்லாம் நடந்தது. உலகக் கிண்ண இறுதியாட்டங்களில் தென்னாப்பிரிக்கா வைத்த முதல் டிரையும் அதுதான், அதற்கு முன் வென்ற இரண்டு இறுதியாட்டங்களிலும் அவர்கள் உதைகளால்தான் புள்ளி எடுத்திருந்தார்கள்.

செவன்ஸில் நிலைமை வேறு. அதே அளவுத் திடல், பக்கத்துக்கு ஏழே பேர், அதனால் எல்லாரையும் முன்னால் அனுப்பும் அணி பெரிய சூதாட்டம் ஆடுகிறது. நம் தேசிய விளையாட்டரங்கில் 2016இல் நடந்த சிங்கப்பூர் செவன்ஸில் கென்யா இறுதியாட்டத்தில் ஃபிஜியை 30க்கு 7 என்று வென்றதே, உலக செவன்ஸ் தொடரில் அவர்கள் வாங்கிய முதல் பட்டம் அது. அந்த மாதிரி ஆட்டங்களின் பதிவு கிடைத்தால் மகனோடு உட்கார்ந்து பாருங்கள், பந்தைப் பார்க்காமல் பந்து இல்லாத அணியின் ஏழு பேரை மட்டும் பாருங்கள். எத்தனை பேர் முன்னால், எத்தனை பேர் பின்னால் என்று எண்ணிக்கொண்டே வந்தால் அரை மணி நேரத்தில் அவனுக்குப் பாதி ரக்பி புரிந்துவிடும்.

சதுரங்கத்து பிளிட்ஸ் முற்றிலும் வேறு ஜாதி. அது தாக்குதலே இல்லை, நேர அளவு. ஒருவருக்கு முழு ஆட்டத்துக்கும் 10 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது பிளிட்ஸ். 10 நிமிடத்துக்கு மேல், 60 நிமிடத்துக்குக் கீழ் என்றால் ரேபிட். உலக பிளிட்ஸ் போட்டியில் 3 நிமிடமும், வைக்கும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 வினாடி கூடுதலும் கொடுக்கிறார்கள். தாக்கித்தான் ஆடவேண்டும் என்று சட்டமில்லை, மூன்று நிமிடமும் தற்காத்து ஆடிக்கூட ஜெயிக்கலாம்.

ஆனாலும் அந்தப் பெயர் அங்கேயும் பொருந்துகிறது, ஏனென்றால் ஒழுங்குபடுத்திக்கொள்ள நேரமில்லாமை அங்கேயும் இருக்கிறது, ஆட்களுக்குப் பதில் யோசனைக்கு. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசையில் சாயங்காலம் ஆடுவார்கள். ஒரு மலாய்ப் பெரியவர் வருவார், காயை நகர்த்தும் அதே கையால்தான் கடிகாரத்தைத் தட்ட வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பானவர். ஒருநாள் அவரோடு ஆடியவனுக்கு ஒரு ராணி அதிகம், ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான். பெரியவரிடம் ஒரு யானையும் இரண்டு சிப்பாயும்தான். அவர் தயங்காமல் தட் தட்டென்று நகர்த்திக்கொண்டே இருந்தார், இவன் ஒவ்வொரு தடவையும் மிகச் சிறந்த நகர்த்தலைத் தேடினான், தேடித் தேடியே அவன் நேரம் தீர்ந்துவிட்டது. நேரம் தீர்ந்தால் தோல்விதான், எதிராளியிடம் ராஜாவை மடக்கவே முடியாத அளவுக்குக் காய் இல்லாமல் போயிருந்தால் மட்டும் சமன். பலகையில் ராணி இருந்து என்ன, கடிகாரத்தில் வினாடி இல்லையே.

சிறுவயதில் விஸ்வநாதன் ஆனந்தை 'மின்னல் சிறுவன்' என்று ஆங்கிலத்தில் அழைத்தார்கள், அவர் நகர்த்தும் வேகத்துக்காக. சென்னையின் டால் சதுரங்க மன்றத்தில் ஜெயித்தவன் மேசையில் தொடரலாம், தோற்றவன் எழுந்து போய் வரிசையில் நிற்க வேண்டும் என்ற முறையில் பிளிட்ஸ் ஆடித்தான் வளர்ந்தார். நம் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் செந்தோசாவில் குகேஷ், டிங் லிரனை 7.5க்கு 6.5 என்று வென்று 18 வயதில் உலக வெற்றியாளர் ஆனாரே, அந்தக் கடைசி 14ஆவது ஆட்டம் சமனாகியிருந்தால் மறுநாள் ரேபிட், அதிலும் முடியாவிட்டால் பிளிட்ஸ் என்றுதான் விதி இருந்தது. டிங் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததால் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. அந்த நாட்களில் வருணனையாளர்கள் "பிளிட்ஸ் பண்ணுகிறார்" என்று சொன்னதை உங்கள் மகன் கேட்டிருக்கலாம், அது இன்னொரு பொருள். நீண்ட ஆட்டத்தில் வீட்டில் தயாரித்து வந்த நகர்த்தல்களை யோசிக்காமல் மடமடவென்று வைப்பதை அப்படிச் சொல்வார்கள். எதிராளியின் கடிகாரம் மட்டும் ஓடும், அவர் மனத்தில் 'இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே' என்ற பயமும் ஓடும்.

இப்போது கவுண்டர் அட்டாக். உங்கள் கணவர் காற்பந்து ரசிகர் என்பதால் அவருக்கு 2018 உலகக் கிண்ணத்தில் பெல்ஜியம் ஜப்பானை வென்ற ஆட்டம் கட்டாயம் நினைவிருக்கும். ஜப்பான் இரண்டு கோல் முன்னால் இருந்தது, பெல்ஜியம் இரண்டையும் திருப்பிவிட்டது. 90 நிமிடத்துக்கு மேல் கூட்டிக் கொடுத்த சில நிமிடங்களின் கடைசியில் ஜப்பானுக்குக் கார்னர். ஆட்களைப் பெட்டிக்குள் அனுப்பினார்கள், ஜெயித்துவிடலாம் என்ற ஆசையில். கோர்ட்டுவா பந்தைக் கையில் பிடித்து டி பிராய்னவுக்கு உருட்டினார், அவர் நடுத்திடலைத் தாண்டி ஓடினார், வலப்பக்கம் மூனியேவுக்கு, அங்கிருந்து குறுக்கே, லுகாக்கு காலைத் தூக்கிப் பந்தைத் தாண்டவிட, ஷாட்லி உள்ளே தட்டிவிட்டார். எல்லாம் சேர்த்துப் பத்து வினாடி இருக்கும். இதில் ஜப்பானின் ஒழுங்கை பெல்ஜியம் உடைக்கவில்லை, தாக்கப் போனதால் ஜப்பானே அதைக் குலைத்துக்கொண்டது, பெல்ஜியம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. பிளிட்ஸில் நீ போய் எதிராளியின் ஒழுங்கைக் குலைக்கிறாய், உன் ஒழுங்கைப் பணயம் வைத்து. கவுண்டரில் எதிராளி வைத்த பணயத்தை நீ அள்ளிக்கொள்கிறாய். அதனால் அவர் சொன்னது பாதி சரி என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் நிற்பவை.

நம் பழைய புறத்திணையிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. வெட்சி சூடிப் போய் எதிரி ஊர் ஆநிரையைக் கவர்ந்து வருவது ஒன்று, கரந்தை சூடி அதைத் துரத்திப்போய் மீட்பது இன்னொன்று. இரண்டுக்கும் வேகம் வேண்டும், ஆனால் இரண்டுக்கும் ஒரே பூவைச் சூட்டவில்லை நம் ஆட்கள்.

கூடைப்பந்தின் ஃபாஸ்ட் பிரேக் கவுண்டர் வகையைச் சேர்ந்தது, அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பந்தின் 'குயிக்' வேறு. ஞாயிற்றுக்கிழமை திடல்களில் ஊழியர்கள் ஆடும் ஆட்டத்தை நின்று பாருங்கள், பந்தை எடுத்துக் கொடுப்பவர் தொடுவதற்கு முன்பே அடிப்பவர் காற்றில் எழும்பியிருப்பார், பந்து வலைக்கு மேலே ஒரு சாண்தான் உயரும், தடுக்கிறவர் குதிக்க நினைக்கும்போது பந்து தரையில் இருக்கும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜப்பான் ஆண்கள் அணி தங்கம் வாங்கியது இந்த மாதிரி வேகத் தாக்குதல்களை வைத்துத்தான், உயரமான ஐரோப்பிய அணிகளுக்கு எதிராக. கபடியில் பாடிப் போகிறவரும் 30 வினாடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், ஆனால் அவர் தனியாள், தன் அணி முழுவதையும் பின்னால் பத்திரமாக விட்டுவிட்டுப் போகிறார், அதனால் அதை பிளிட்ஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். செய்தித்தாள்கள் ஏற்கெனவே ஒரு சொல்லை வைத்திருக்கின்றன: அதிரடி. காவல்துறை திடீரென்று பல இடங்களில் ஒரே நேரத்தில் நுழைந்தால் அதிரடிச் சோதனை. கிறிஸ் கெய்ல் 2013இல் பெங்களூரில் 66 பந்தில் 175 அடித்தபோது அதிரடி ஆட்டம், ஆங்கிலத்தில் அதையும் பிளிட்ஸ் என்று எழுதுவார்கள், அங்கே அது கலைச்சொல் இல்லை, வெறும் வர்ணனை. அந்த இடத்துக்கு அதிரடி கச்சிதம். ஆனால் ரக்பி பிளிட்ஸுக்கு அதிரடி போதாது, அதில் சத்தம் இருக்கிறது, சேர்ந்து ஓடுவது இல்லை. நான் பையன்களிடம் 'வரிசைப் பாய்ச்சல்' என்று சொல்லிப் பார்க்கிறேன், உடனே புரிந்துகொள்கிறார்கள், பாய்ச்சலைவிட வரிசை முதலில் வருவதால். சதுரங்கத்துக்கு மின்னல் சதுரங்கம் என்றால் மூலச் சொல்லின் பொருளும் வந்துவிடுகிறது, ரேபிடுக்கு விரைவுச் சதுரங்கம். கவுண்டர் அட்டாக்குக்கு எதிர்த்தாக்குதல் இருக்கவே இருக்கிறது. 'முற்றுகை' என்று மட்டும் தயவுசெய்து பிளிட்ஸுக்குப் போடாதீர்கள், முற்றுகை என்பது சுற்றி உட்கார்ந்து நாள்கணக்கில் காத்திருப்பது, நேர் எதிர். திடலில் கத்தும்போது பிளிட்ஸ் என்றே கத்தட்டும், அங்கே இரண்டு எழுத்து மிச்சமானாலும் லாபம்.

இனி உங்கள் மகன். 14 பேர் முன்னால் பாயும்போது ஒருவன் பின்னால் நிற்கிறான் என்று நீங்கள் பார்க்கிறீர்கள். அந்த 14 பேரும் எதை நம்பிப் பாய்கிறார்கள் என்று பாருங்கள். பிளிட்ஸின்போது இரு பக்க விங் ஆட்டக்காரர்களும் வரிசையோடு மேலே போய்விடுவார்கள், 9ஆம் எண் வரிசைக்குச் சற்றுப் பின்னால் உருட்டு உதைகளுக்காக அலைவான், மீதி இருக்கும் பெரிய வெளி முழுவதும் ஒரே ஆளுக்கு. மாபிம்பி உதைத்த மாதிரி ஒரு உதை வந்தால் போய் எடுக்க வேண்டியவன் அவன். அந்தக் கோடிக்கு நீள உதை போனால் ஓடிப்போய் அடைக்க வேண்டியவன் அவன். வரிசையில் ஓட்டை விழுந்து ஒருவன் உள்ளே வந்துவிட்டால் தனியாக நின்று அவனைச் சாய்க்க வேண்டியவனும் அவன். மெதுவாக ஓடுபவனையோ, பந்தை விட்டுவிடுபவனையோ எந்தப் பயிற்றுவிப்பாளரும் அங்கே நிறுத்தமாட்டார். நான் என் குழுவில் அந்த இடத்துக்குத் தேடுவது உயரப் பந்தைப் பயமில்லாமல் பிடிக்கிற, எதிராளியின் தோளைப் பார்த்தே உதைக்கப் போகிறானா ஓடப் போகிறானா என்று கணிக்கிற பையனை. அப்படி ஒருவன் கிடைக்காத ஆண்டில் நான் பிளிட்ஸே சொல்லிக் கொடுப்பதில்லை, டிரிஃப்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது பக்கவாட்டில் உட்காராமல், முடிந்தால் அவனுடைய கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பிளிட்ஸ் குரல் வந்ததும் பந்தைப் பார்க்காதீர்கள், அவன் கால்களைப் பாருங்கள். வரிசை முன்னால் போகும்போது அவனும் நாலைந்து எட்டு முன்னால் வந்து, எதிரணியின் 10ஆம் எண் பந்தைக் காலுக்கு நேராக இறக்குவதைப் பார்த்ததும் சட்டென்று பின்னால் நகர்ந்தான் என்றால், பையன் நன்றாக ஆடுகிறான். ஆட்டம் முடிந்து பேருந்தில் வரும்போது அதையே அவனிடம் சொல்லுங்கள், "நீ பின்னால் நகர்ந்ததைப் பார்த்தேன்" என்று.